மிச்சத்தில் ரவை முடிந்துபோன வசந்தம்

துப்பாக்கிக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் இப்போது தமிழ்ப் பிள்ளைகளும் நிற்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோசம். நான் அந்த வேலைக்குப் போன காலத்தில் என் மனைவி அதை வெளியில் சொல்லவே மாட்டாள். "விளையாட்டுச் சாமான் விக்கிற கடை" என்றுதான் கோயிலில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதை நம்பி, பட்மின்டன் மட்டை மலிவாக எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை.

ஓய்வுபெற்றுவிட்டீர்கள்தானே, எங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். லைசன்ஸை எப்படிப் பார்ப்பது, பெட்டியை எப்படி அடுக்குவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லித்தரக் கடையில் ஆட்கள் இருக்கிறார்கள். சாமான் இருக்கும்போது கவுண்டருக்குப் பின்னால் யாரும் நிற்கலாம். சாமான் இல்லாதபோது நிற்பதுதான் வேலை. அப்படி நின்ற ஒரு வருடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் கடை தென் லண்டனில், மிச்சம் என்ற இடத்தில் இருந்தது, ட்ராம் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். லண்டனில் இத்தனை இடம் இருக்க, இந்தப் பெயருள்ள இடத்தில் கடை அமைந்தது என் தலைவிதி. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, கடையில் ஒன்றுமே மிச்சமில்லாத அந்த வசந்தத்தில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் குணம் என்கிற என்னைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி: "என்ன குணம், மிச்சத்தில ஏதும் மிச்சம் இருக்கோ?" கேட்டுவிட்டு, உலகத்திலேயே முதன்முதலாக இந்தப் பகிடியைக் கண்டுபிடித்தவர்போல் சிரிப்பார்கள். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்தேன். அதுவும் வியாபாரத்தில் ஒரு பகுதிதான், பழகிக்கொள்ளுங்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை சின்னது. முதலில் ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் அகதியாக இருந்தேன். அங்கே ஊருக்கு ஊர் சுடுவோர் சங்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டையில் வட்டம் பார்த்துச் சுட்டுவிட்டு ஒன்றாக இருந்து பியர் குடிப்பார்கள். நான் கோப்பை கழுவிய உணவகத்தின் சமையல்காரர் என்னையும் ஒருநாள் இழுத்துக்கொண்டு போனார். துப்பாக்கிக்குப் பயந்து ஓடி வந்தவன் துப்பாக்கி பிடிக்கப் பழகியது இப்படித்தான். பிறகு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டன் வந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு இங்கே சோறு போட்டன.

கடையை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. எல்லாரும் மேடம் என்போம். அதிகம் பேசமாட்டார். பேசினால் அநேகமாகக் கேள்வியாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் என்ன நடந்ததென்றால், அமெரிக்காவில் புது ஜனாதிபதி வந்தவுடன் இனித் துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு வரப்போகிறது என்று பயந்து அங்குள்ளவர்கள் கண்டதையெல்லாம் வாங்கி வீட்டின் அடியில் அடுக்கினார்கள் என்று சொன்னார்கள். பிரித்தானியப் பவுணின் மதிப்பும் விழுந்திருந்தது. எங்களுக்கு வரவேண்டிய பெட்டிகள் பாதிதான் வந்தன, வந்தவையும் ஒவ்வொரு முறையும் விலை கூடி வந்தன. கிளப்பில் அட்டைக்குச் சுடும் மென்மையான மனிதர்கள், பொழுதுபோக்குக்குச் சுடும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எல்லாரும் திடீரென்று முழியை உருட்டத் தொடங்கினார்கள். காலையில் கதவைத் திறக்குமுன்பே வாசலில் நிற்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து வணக்கம் சொல்லமாட்டார்கள், பார்சல் கொண்டுவரும் வண்டியைத்தான் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. துப்பாக்கிக்குள் போடுவதை இந்தியத் தமிழர் தோட்டா என்பார்கள். நாங்கள் ரவை என்போம். உப்புமாவுக்குச் சட்டியில் போடுவதையும் ரவை என்போம். இரண்டும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. இதுவரை இதனால் யாருக்கும் பெரிய கஷ்டம் வந்ததாக நான் அறியவில்லை, அந்த வசந்தம் வரை.

என்னுடைய வாடிக்கைக்காரரில் ஒரே ஒரு தமிழ்ப் பிள்ளை மிதிலா. கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் தாயோடு இருந்தாள். பகலில் மருந்துக் கடையில் வேலை, மாலையில் கிளப்பில் றைபிள் சுடுவாள். அவளுக்கு நல்ல கை. அந்தக் கோடையில் கவுண்டி அணிக்கு, அதாவது மாவட்ட அணிக்கு, ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டி வரவிருந்தது. அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது தனக்குத்தான் என்று அவள் வாயால் சொன்னதில்லை, ஆனால் அவள் வேறு எதைப் பற்றியும் பேசியதுமில்லை.

அட்டைக்குச் சுடுகிறவர்களுக்கு எல்லா ரவையும் சரிவராது. ஒரே கடையில் வாங்கினாலும் ஒரு மூட்டை அரிசி குழையும், இன்னொன்று நிமிர்ந்து நிற்கும் அல்லவா? அதுபோல ஆலையில் ஒவ்வொரு முறை செய்யும் ரவைக்கும் ஒவ்வொரு சுபாவம். மிதிலாவின் றைபிளுக்கு ஒரேயொரு தொகுதிதான் ஒத்துவந்தது. மற்றதைப் போட்டால் ஓட்டைகள் அட்டை முழுவதும் சிதறும், அதைப் போட்டால் ஒரே இடத்தில் விழும். அந்தத் தொகுதியில் ஒரு பெரிய பெட்டி, கடைசிப் பெட்டி, வருகிறது என்று மொத்த வியாபாரி சொன்னபோது நான் அவளுக்குத்தான் முதலில் அறிவித்தேன்.

பெட்டி வந்த சனிக்கிழமை கடை நிரம்பி வழிந்தது. மிதிலா குட்மேய்ஸில் ரயில் ஏறி, பாதாள ரயில் மாறி, ட்ராம் பிடித்து மூச்சிரைக்க வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் கூரை வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரர் நின்றார். மேசையில் இருந்த பெட்டியைக் கண்டதும் சட்டைப் பையில் கை வைத்து, சொன்ன விலைக்கு மேலே தருகிறேன், அப்படியே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். கடையில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல் திரும்பின.

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே அந்த மனிதரைக் கேட்டார், "இதை எங்கே சுடப் போகிறாய்?"

"குறிப்பாக ஒன்றுமில்லை. இன்னும் விலை ஏறும் என்கிறார்கள்."

"அப்படியானால் உனக்கு ஒன்று போதும்" என்று பெரிய பெட்டிக்குள்ளிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பழைய விலைக்கே கொடுத்தார். அவர் முணுமுணுத்துக்கொண்டு வாங்கிப் போனார். தட்டுப்பாட்டுக் காலத்தில் கவுண்டரில் கேட்கவேண்டிய கேள்வி அந்த ஒன்றுதான், பிள்ளைகளே. எங்கே சுடப் போகிறாய் என்று கேட்டால் ஆசை எது, தேவை எது என்று தானாகவே பிரிந்துவிடும்.

பிறகு மிதிலாவின் முறை. அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அவளுக்குப் பெட்டியில் இருந்த மீதி முழுவதும் வேண்டும், அன்றைக்கே வேண்டும். லைசன்ஸில் வீட்டில் வைத்திருக்கலாம் என்று எழுதியிருந்த அளவோ அதைவிடக் குறைவு. அவள் என்னை ஒரு பக்கமாக இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், ப்ளீஸ். எல்லாத்தையும் தாங்கோ. அடுத்த கிழமை நான் வாறதுக்குள்ள வேற ஆரும் கேட்டா மேடம் குடுத்திடுவா. வீட்டில வைச்சா ஆருக்குத் தெரியப் போகுது?"

"உமக்குத் தெரியும்தானே பிள்ளை. சுடேக்க கை நடுங்கும்."

"எனக்கு நடுங்காது."

"அப்ப எனக்கு நடுங்கும். அளவுக்கு உள்ளதைக் கொண்டு போம். மிச்சத்தை இங்க, எங்கட இரும்பு அறைக்குள்ள, உம்மட பேர் போட்டு வைக்கிறம். ஒருத்தரும் தொடமாட்டினம்."

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் நடக்கிறதை விளங்கிக்கொண்டு, ஒரு தடித்த பேனாவை எடுத்து மீதிப் பெட்டிகளின் மேல் மிதிலாவின் பெயரைப் பெரிதாக எழுதி உள்ளே கொண்டு போனார். மிதிலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கொடுத்ததை வாங்கிப் பைக்குள் போட்டாள். "போறன்" என்றாள். எங்கள் ஆட்கள் ஒருவரும் விடைபெறும்போது அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு கோபமென்றாலும் "வாறன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவோம். எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

ஆனால் கெட்டிக்காரி. கையில் இருந்ததை வீணாக்கவில்லை. வீட்டுக்குள் இருந்த நடையில், சுவர்க் கடதாசியில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டி, ரவையே போடாமல் வெறும் றைபிளைப் பிடித்துக் குறி பார்த்து விசையை அழுத்திப் பழகினாள். சுடுவதில் பாதி மூச்சும் தோளும்தான், அதற்கு ரவை தேவையில்லை. தாய் மலர் அக்கா உடுப்புக் கூடையோடு குறுக்கே போகும்போதெல்லாம் "பிள்ளை, கொஞ்சம் பொறு, நான் கடந்திடுறன்" என்று சொல்லிவிட்டுப் போவாவாம். மகளின் விளையாட்டைப் பற்றி அவ வேறொன்றும் பேசமாட்டா. சுடுமிடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டார் வாணம் விட்டாலே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற மனுசி அவ.

இந்த மலர் அக்காவிடம்தான் மிதிலா ஒரு காலைச் சாப்பாட்டு நேரம் தன் பிரச்சினையைத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். என்னிடமிருந்து பிடித்த சொல்லைப் பெருமையாகப் பாவித்தாள். "அம்மா, ரவைக்குச் சரியான தட்டுப்பாடு. விலையும் ஏறப்போகுதாம். குணம் அங்கிள்தான் எனக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறார்."

மலர் அக்காவின் வாயில் மகள் சுடுவது குண்டு. ரவை என்றால் அவவுக்கு உப்புமா. அதிலும் 'தட்டுப்பாடு' என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. சீனியும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் வராமல் தடை போட்டிருந்த யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்திய பெண்கள் அவர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் மூளைக்கு முதல் கால் கடைக்குப் போய்விடும். அமெரிக்கக்காரர் வீட்டின் அடியில் அடுக்குவதைப் பார்த்துச் சிரித்த நான், நம் ஆட்களைப் பற்றி யோசிக்கவில்லை.

அவ தனக்கு மட்டும் வாங்கியிருந்தால் பரவாயில்லை. நல்ல மனசு, மனோர் பார்க் கோயிலில் அர்ச்சனைக்கு நின்ற வரிசையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டா. அந்தக் கிழமை குட்மேய்ஸ் கடைகளில் ரவை மூட்டை மூட்டையாகப் போனது. போகப் போகக் கடைக்காரர்கள் விலையைக் கூட்டினார்கள். விலை கூடியதைக் கண்டு, அப்ப கதை உண்மைதான் என்று இன்னும் பலர் ஓடினார்கள். நான் வேலையால் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி ஒரு மூட்டை ரவையைக் குசினி மூலையில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா இது?" என்றேன்.

"ரவை தட்டுப்பாடாம். ஊரெல்லாம் அதுதான் கதை. நீங்கதான் சொன்னனீங்களாம், எனக்கு மட்டும் சொல்லேல்லை" என்று என்னோடு கோபித்தாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. வாய்க்கு வாய் மாறிப் போன அந்தக் கதை எங்கோ ஓரிடத்தில் உப்புமாவிலிருந்து துப்பாக்கிக்குத் தாவிவிட்டது. துப்பாக்கிக் கடைக் குணம் குட்மேய்ஸில் ஒரு வீட்டில் ரவை அடுக்கி வைத்திருக்கிறானாம் என்று யாரோ பெயர் சொல்லாமல் பொலிசுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். அது எந்தக் காலம் என்று நினைத்துப் பாருங்கள். வன்னியில் நடந்த கடைசிப் போரின் செய்தியைக் கேட்டு ஒரு வீட்டிலும் ஒழுங்காகச் சோறு இறங்காத நாட்கள். பாராளுமன்றத்துக்கு முன்னால் நம் சனம் கொட்டும் மழையில் நின்றது. அந்த நேரத்தில் ஒரு தமிழ் வீட்டில் ரவை என்றால் யார்தான் சமையல் என்று நினைப்பார்கள்?

மிதிலாவின் லைசன்ஸ் புதுப்பிக்கப் பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டிய முறையும் அப்போதுதான் வந்தது. அம்மா சீருடையைக் கண்டால் பயப்படுவா, கொஞ்சம் வந்து இருங்கோ அங்கிள் என்று மிதிலா கேட்டாள். கோபம் முழுதாக ஆறவில்லை என்பது குரலில் தெரிந்தது. இருந்தாலும் கேட்டாளே என்று போனேன்.

வழக்கமாக ஓர் அதிகாரிதான் வருவார். அன்றைக்கு இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவரை எனக்குத் தெரியும், எங்கள் கடைக்கும் வந்து பார்க்கிற நேர்மையான மனிதர். கூட வந்தவன் நம் ஆள், லண்டனில் பிறந்த இளம் பொலிஸ்காரன். மூத்தவர் கதிரையில் இருக்குமுன்பே சொன்னார்: "எங்களுக்கு ஒரு தகவல் வந்திருக்கிறது. முதலில் வீட்டைப் பார்க்கலாமா?" மிதிலா எழுந்து குசினிக் கதவைத் திறந்துவிட்டாள். லைசன்ஸ் போனால் தேர்வுப் போட்டி இல்லை, அணி இல்லை, றைபிளையும் கையளிக்கவேண்டும். அத்தனை மாலைகளும் அந்தச் சுவர்ப் புள்ளியோடு முடிந்துவிடும்.

குசினிக்குள் போனோம். அலுமாரியின் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை பெரிய தகரப் பேணிகள். ஒவ்வொரு பேணியிலும் மலர் அக்காவின் குண்டுக் கையெழுத்து. இளம் பொலிஸ்காரன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, எழுத்துக் கூட்டினான். "ர... வை." அடுத்த பேணி. "ர... வை." பிறகு மூத்தவரின் பக்கம் திரும்பி மிகவும் மெதுவான குரலில் ஆங்கிலத்தில் சொன்னான்: "சேர், புல்லட்ஸ் என்று எழுதியிருக்கிறது. எல்லாவற்றிலும்."

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. மலர் அக்காவிடம் இரண்டு சொல், மிதிலாவிடம் இரண்டு சொல், அந்தப் பொடியனிடம் நாலு சொல் தமிழில் சொன்னால் முடிகிற விசயம். ஆனால் துப்பாக்கிக் கடைக்காரன், தகவலில் பெயர் வந்தவன், அதிகாரிக்கு விளங்காத பாஷையில் படபடவென்று பேசினால் அது எப்படி இருக்கும்? நாக்கில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். பிறகு ஆங்கிலத்தில், எல்லாருக்கும் விளங்கும்படி, ஒரே ஒரு வசனம் சொன்னேன்: "நீங்களே ஒரு மூடியைத் திறந்து பாருங்கள்." சந்தேகம் வந்த இடத்தில் விளக்கம் கொடுக்க வெளிக்கிடாதீர்கள். விளக்கம் நீளுகிற அளவுக்குச் சந்தேகமும் நீளும்.

மூத்தவர் மூடியைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். கோட்டுக் கையை மடிக்காமலே உள்ளே விட்டு அடிவரை துழாவினார். கையை எடுத்தபோது முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. அடுத்த பேணியும் அப்படித்தான். அவர் இளம் பொலிஸ்காரனைப் பார்த்தார்.

"ஒவ்வொரு இரவும் தமிழ் டிவி நியூசில் சொல்கிறார்களே, சேர்" என்று அவன் தடுமாறினான். "துப்பாக்கி ரவை, ரவை என்று. வீட்டில் அப்பா அதைத்தான் போட்டுக்கொண்டு இருக்கிறார். இதை அம்மா செமொலினா என்றுதான் சொல்லுவா, பாக்கெட்டில் அப்படித்தான் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ் படித்த ஒரு பிள்ளைக்கு அந்தச் சொல்லில் தெரிந்தது அந்த ஒரு பொருள் மட்டும்தான்.

மூத்தவர் சட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டார், இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று. மிதிலா தாயிடம் தமிழில் கேட்டாள். மலர் அக்கா மகளைப் பார்க்காமல் பேணிகளைப் பார்த்துச் சொன்னா.

"உன்ர சித்தி ஆக்கள் அங்க வன்னியில சாப்பாடு இல்லாமல் கிடக்கினம். அனுப்ப ஏலாது எண்டு எனக்குத் தெரியும். ஆனா தட்டுப்பாடு எண்டு சொன்னோடன வாங்காமல் இருக்க ஏலேல்லை. வெளியில வந்தினமெண்டா அவைக்கெண்டு ஏதாவது இருக்கவேணும்தானே."

மிதிலா அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தித் தாயைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே அது அப்போதுதான் தெரியும். மீதியை அந்தப் பொடியன் சொல்லி முடித்தான், இம்முறை ஒரு சொல்லும் பிழையில்லாமல். மூத்தவர் இரண்டு மூடிகளையும் தானே எடுத்துப் பேணிகளில் பத்திரமாக இறுக்கி வைத்தார்.

பிறகு மாடிக்குப் போய் இரும்பு அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள். உண்மையான ரவைப் பெட்டிகள், லைசன்ஸில் சொன்ன அளவுக்கு உள்ளேயே இருந்தன. வாசலில் சப்பாத்துப் போடும்போது அவர் மிதிலாவிடம் சொன்னார்: "இப்படி ஒரு தகவலோடு வந்த நாளில், அந்த அலுமாரிக்குள் ஒரு பெட்டி கூடுதலாக இருந்திருந்தால், கீழே உங்கள் அம்மா சொன்னதை நான் கேட்டிருக்க மாட்டேன். கேட்கவும் முடியாது." மிதிலா என்னைப் பார்க்கவில்லை. நானும் கூரையில் இருந்த ஒட்டடையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் மாடியில் நின்ற நேரத்துக்குள் மலர் அக்கா உப்புமா கிண்டிவிட்டா. மூத்தவர் நன்றி சொல்லி வேண்டாம் என்றார். இளம் பொலிஸ்காரன் நின்றுகொண்டே ஒரு கோப்பை சாப்பிட்டான்.

"தம்பிக்கு எழுத்துத் தெரியுது, சாப்பாடு தெரியேல்லை" என்றா மலர் அக்கா.

அவன் வெட்கத்தோடு, "அம்மா, பேணியில பேரை மாத்தினா நல்லம். இன்னொரு நாள் வேற ஆரும் பிழையா வாசிக்காமல்" என்றான்.

"நான் ஏன் மாத்தவேணும்?" மலர் அக்கா கரண்டியைக் கீழே வைத்தா. "ரவை எண்டது முதல் குசினிச் சொல்லு. சண்டைக்காரர்தான் அதைக் குசினிக்குள்ளயிருந்து தூக்கிக்கொண்டு போனவங்கள். என்ர வீட்டில அது திரும்பவும் பேணிக்குள்ளதான் கிடக்கும்."

பொடியன் கோப்பையை வழித்துச் சாப்பிட்டு, கழுவியும் வைத்துவிட்டுப் போனான்.

தேர்வுப் போட்டிக்கு முந்தின நாள் மிதிலா எங்கள் இரும்பு அறையிலிருந்த தன் பெட்டிகளை எடுக்க வந்தாள். மேடம் தானே கொண்டு வந்து கொடுத்தார். ஒன்றும் குறையவில்லை, அதற்குள் இரண்டு முறை ஏறியிருந்த விலையும் அவளைத் தொடவில்லை. அவள் கதவு வரை போய்த் திரும்பி நின்று, "வாறன் அங்கிள்" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

போட்டிக்கு மலர் அக்காவும் வந்தா, காது நிறையப் பஞ்சு அடைத்துக்கொண்டு. மடக்குக் கதிரையில் என் கையைப் பிடித்தபடி இருந்தா. மகள் முதல் வெடியைச் சுட்டபோது கண்ணை இறுக மூடினா. சின்ன ரவையின் சத்தம் உங்களுக்குத் தெரியும், ஒரு பலகையில் விரலால் சுண்டியதுபோல் இருக்கும். அவ ஒரு கண்ணைத் திறந்தா. "இவ்வளவுதானா?" என்று கேட்டா. பிறகு ஒரு காதுப் பஞ்சை எடுத்தா. கொஞ்ச நேரத்தில் மற்றதையும் எடுத்துக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டா. கடைசி அட்டை முடியும்வரை கண்ணைத் திறந்தபடியேதான் இருந்தா. அணியில் காலியாக இருந்த இடம் மிதிலாவுக்குக் கிடைத்தது.

எங்கள் தட்டுப்பாடு அதன் பிறகும் தீரவில்லை. கோடை முடிகிற ஒரு சனிக்கிழமை, அலுமாரிகள் பல்லில்லாத வாய்போல் இருக்க, வாடிக்கைக்காரர் வரிசையில் நின்று மேடத்தின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு மலர் அக்கா வந்தா. குட்மேய்ஸிலிருந்து ரயிலும் ட்ராமும் மாறித் தனியாக வந்திருந்தா. துப்பாக்கிகள் தொங்கும் சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, வரிசையைச் சட்டை பண்ணாமல் நேராக என்னிடம் வந்து ஒரு பெரிய பேணியைக் கவுண்டரில் வைத்தா. மேலே அதே குண்டுக் கையெழுத்து, அதே இரண்டு எழுத்து. மூடியைத் திறந்தா. உள்ளே கேசரி, திராட்சை வத்தலும் கஜுப் பருப்பும் போட்டு, இன்னும் சூடாறாமல் இருந்தது.

"தங்கச்சி போனில கதைச்சவள்" என்றா. "முகாமுக்குள்ள இருக்கிறாள். பிள்ளையளும் இருக்கினம்." மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் பார்த்தா. "உங்கட கடையில ரவை முடிஞ்சுதாம் எண்டு பிள்ளை சொன்னவள். எங்கட வீட்டில மிச்சம் கிடக்குது தம்பி. எல்லாருக்கும் குடும்."

மேடம் எழுந்து வந்து பேணிக்குள் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இதற்குப் பெயரென்ன என்று என்னைக் கேட்டார். பேணியின் மேல் எழுதியிருந்ததைச் சொன்னேன். அவர் அந்தச் சொல்லை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, கடதாசித் தட்டுகளை எடுத்துவரச் சொன்னார். அன்றைக்கு எங்கள் கடையில் வரிசையில் நின்ற ஒருவரிடமும், எங்கே சுடப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை.